மலைத்தோட்டமும் பழைய ஜீப்பும்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயிகள் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்; சுழி பார்ப்பார்கள்; பத்தடி நடத்திக் குளம்பையும் கால் வைப்பையும் கவனிப்பார்கள். தோலின் பளபளப்பைக் கண்டு விலை பேசுவோர் ஒருவரும் இல்லை. ஆனால் அதே விவசாயிகள் தோட்டத்துக்கென்று ஒரு பழைய ஜீப்பை வாங்கப் புறப்படும்பொழுது இவ்விவேகத்தைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். வர்ணத்தையும் எஞ்சினின் சத்தத்தையும் கண்டு மயங்கிப் பணம் கொடுத்துவிட்டு, வண்டி மலையேறத் தொடங்கிய பிறகே அதன் குணத்தை அறிந்துகொள்கிறார்கள். போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் நிலம் வைத்திருப்போர் இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆலோசிப்பது மிகவும் அவசியம். இதில் சம்பந்தப்பட்டிருப்பது பணம் மட்டுமன்று. வண்டியில் ஏறும் ஆட்களின் உயிரும் ஆகும்.

குரங்கணியின் நிலைமை

போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில், கொட்டகுடி ஆற்றின் தலைமாட்டில் அமைந்துள்ள குரங்கணியில் சமவெளி முடிந்து மலை தொடங்குகிறது. அதற்கு மேலுள்ள சரிவுகளில் காப்பி, மிளகு, ஏலம், இலவு முதலியன விளைகின்றன. விளைவிப்பதில் அங்குள்ள விவசாயிகள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். விளைந்ததைக் கீழே கொண்டுவருவதிலேயே அவர்களுடைய சிரமம் அனைத்தும் அடங்கியிருக்கிறது.

இச்சிரமம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. மூணாற்றுத் தேயிலையைச் சமவெளிக்கு இறக்குவதற்காக 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதையொன்று போடப்பட்டது. 1908இல் அது சிறிய ரயில் பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனில் அந்தப் பாதை முடிய, அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிப்பாதை வழியாகத் தேயிலைப் பெட்டிகள் மலையடிவாரத்துக்கு இறங்கின. பின்பு மாட்டு வண்டிகளில் போடிநாயக்கனூர் சேர்ந்தன. 1924ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் மேலேயிருந்த ரயில் பாதையை அழித்துவிட்டது. கம்பிப்பாதையும் இன்று இல்லை. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928இல் ரயில் வந்தது. அகலப்பாதையாக மாற்றும் பொருட்டு 2010ஆம் வருஷ முடிவில் அது நிறுத்தப்பட்டு, 2023 ஜூன் மாதம் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. ஆயினும் ரயில் மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே தலைச்சுமையும், குதிரையும் கோவேறு கழுதையும், பாதை உள்ள இடங்களில் ஜீப்புமே கதி.

சுமை சிறிது, விலை பெரிது

மலை விவசாயி ஜீப்பைப் பற்றி யோசிக்குமுன் தம் விளைபொருளைப் பற்றி யோசிக்க வேண்டும். ஏலக்காய் பச்சையாகப் பறிக்கப்பட்டவுடன் தாமதமின்றி ‘ஸ்டோர்’ என வழங்கும் உலர்த்தும் கூடத்தை அடைய வேண்டும். தாமதித்தால் பச்சை நிறம் மங்கும். நிறம் மங்கினால் ஏலத்தில் விலை இறங்கும். காப்பிப் பழமும் அவ்வாறே. பறித்த தினத்திலேயே தோல் நீக்கப்படாவிடில் புளித்துக் கெடும். ஆகவே மலைப்பயிருக்கு வாகனத்தால் கிட்டும் முதல் நன்மை, குறித்த வேளையில் போய்ச் சேர்வதேயாகும். எவ்வளவு பெரிய சுமை ஏறுகிறது என்பது அதற்கு அடுத்த விஷயம்.

ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோ ஏலக்காய் ஆகும். அப்படியானால் ஒரு நடையில் 250 கிலோ பச்சைக்காயை மட்டும் கொண்டுவரும் வண்டி, உலர்ந்த காயில் 50 கிலோவுக்கு உரிய பொருளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. நெல்லுக்கும் கரும்புக்கும் 250 கிலோ என்பது ஒரு பொருட்டன்று. ஏலத்துக்கோ அது ஒரு நல்ல நாளின் பறிப்பு. இக்கணக்கை மனத்தில் நன்கு பதித்துக்கொண்டால், மலைத்தோட்டத்துக்குப் பெரும் இழுவைச் சக்தியுள்ள வண்டி வேண்டுவதில்லை என்பதும், சிறிய சுமையைப் பத்திரமாக இறக்கும் வண்டியே போதும் என்பதும் விளங்கும். பழைய ஜீப்பைப் புதுப்பிக்கும் செலவு முழுவதையும் இவ்வுண்மையே வழிநடத்த வேண்டும்.

ஜீப் எதற்காகப் பிறந்தது

ஜீப் இரண்டாம் உலக யுத்தத்தில் பிறந்தது. அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து 6 லக்ஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை யுத்தகாலத்தில் செய்தன. யுத்தம் முடிந்தபின் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் இந்தியாவில் பல கைகளுக்கு மாறின. 1947 முதல் மஹிந்திரா கம்பெனியார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினர். பிற்காலத்தில் டீசல் எஞ்சின் பொருத்திய ஜீப்புகளும், எம்.எம். 540, கமாண்டர் முதலிய வகைகளும் வெளிவந்தன. மலையடிவார ஊர்களில் இன்று விலைக்குக் கிடைக்கும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வம்சத்தைச் சேர்ந்தவையே.

இங்கு ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. யுத்தகால ஜீப்பை ராணுவத்தார் ‘கால் டன்’ வண்டி என்றே வகைப்படுத்தினர். அமெரிக்கக் கணக்கில் கால் டன் என்பது ஏறக்குறைய 227 கிலோ. பாதையற்ற நிலத்தில் ஓடுவதற்கென்றே அமைத்தவர்கள் அதற்கு இட்ட எல்லை அதுவே. அத்தகைய சிறு வண்டியில் ஆளுக்கு 50 கிலோவாக 15 பேரை ஏற்றினால் 750 கிலோ ஆகும். அதாவது மும்மடங்குக்கும் அதிகம். பின்னர் வந்த நீளமான வண்டிகளுக்கு எல்லை சற்று அதிகமாயினும், அவற்றுக்கும் எல்லை உண்டு. அது பதிவுப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மலைப்பாதைகளில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிச் சென்ற ஜீப்புகள் கவிழ்ந்து தோட்டத் தொழிலாளர்கள் மாண்ட செய்திகள் இப்பக்கத்தாருக்குப் புதியவை அல்ல. அவற்றை விதி என்று சொல்லி விடுவது நியாயமாகாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவதாக, காகிதம். பதிவுப் புத்தகத்திலுள்ள சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். சொந்த உபயோக வாகனத்தின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். பிறகு தகுதி பார்த்து 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிக் கண்ட டீசல் எஞ்சினை வைத்து, அதைப் புத்தகத்தில் பதியாது விட்ட வண்டி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். அனுமதியில்லாத மாறுதல் பதிவைப் புதுப்பிக்கும்போது தடையாகும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகைக்கும் தடையாகும்.

இரண்டாவதாக, சேஸ். மாட்டுக்கு முதுகெலும்பு எப்படியோ ஜீப்புக்குச் சேஸ் அப்படி. வில்பட்டைகள் தொங்கும் இடங்களையும், குறுக்குச் சட்டங்கள் சேரும் இடங்களையும் சுரண்டிச் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் இரும்பு உயிரோடிருக்கிறது. சொத்தென்று ஒலித்தால் உள்ளே துரு தின்றிருக்கிறது. துருவின்மேல் தகடு வைத்து ஒட்டி, கறுப்பு வர்ணம் பூசிய சேஸை வாங்குவது கறையான் பிடித்த உத்தரத்தின்மேல் ஓடு வேய்வதற்குச் சமானம்.

மூன்றாவதாக, நான்கு சக்கர ஓட்டம். ஜீப்பைப் போலத் தோன்றும் எல்லா வண்டிகளுக்கும் இது இருப்பதில்லை. கமாண்டர் வகையில் பின்சக்கரம் மட்டுமே இழுப்பவையும் உண்டு. முன்னச்சில் பல்சக்கரக் கூடு இருக்கிறதா, உள்ளே கியர்த் தண்டுக்கு அருகில் வேறு தண்டு உண்டா என்று பார்ப்பதுடன், ஈர மண்ணில் ஓட்டியும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பணத்தை எங்கே இடுவது

கையிலுள்ள பணத்தைப் பத்துப் பங்காக வைத்துக்கொள்வது நலம். அதில் இரண்டு பங்கைத் தொடாமல் ஒதுக்கிவிட வேண்டும். பழைய வண்டியைப் பிரித்தால் எதிர்பாராத குறை ஒன்றேனும் வெளிப்படாமல் இராது. மீதமுள்ளதில் நான்கு பங்கு நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் உரியது. அதாவது பிரேக், ஸ்டியரிங், சேஸ், டயர் ஆகியவை. மூன்று பங்கு கியர்ப் பெட்டி, ட்ரான்ஸ்பர் கேஸ், அச்சுகள் ஆகியவற்றுக்கு உரியது. எஞ்சினுக்கும் மற்றவற்றுக்கும் ஒரு பங்கு போதும். வர்ணத்துக்கு ஒன்றுமில்லை. எஞ்சினுக்கு அள்ளிக் கொடுத்து, கூண்டுக்கும் வர்ணத்துக்கும் மேலும் செலவிட்டு, பிரேக்குக்கு மிச்சத்தைத் தருகிற வழக்கம் தலைகீழானது. ஏறும் வழியில் எஞ்சின் தளர்ந்தால் வண்டி நின்றுபோகும். இறங்கும் வழியில் பிரேக் தளர்ந்தால் வண்டி நில்லாது. இரண்டிலும் நஷ்டம் உண்டு. ஆனால் முதல் நஷ்டம் ஒரு நாள் வேலை, இரண்டாவது நஷ்டம் ஈடு செய்ய முடியாதது.

பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் நான்கு சக்கரத்து பிரேக்குகளுக்கும் ஒரே எண்ணெய் வழிதான். ஒரு குழாய் வெடித்தாலும் நான்கும் ஒருங்கே போய்விடும். எனவே பழுதான குழாயை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். குழாய்கள், ரப்பர்கள், மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், லைனிங் யாவற்றையும் ஒரே தடவையில் புதிதாக்க வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ஈரம் சேர்ந்த எண்ணெய் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்து ஆவியாகும். அப்போது மிதி காலின் கீழ் வெறுமையாக அமிழும். ஆகையால் வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் கழிந்தவுடன், எண்ணெய் முழுவதையும் மாற்ற வேண்டும். இதற்காகும் செலவு அற்பமே. கைப்பிரேக்கோ இவ்வகை வண்டிகளில் பின்சக்கரங்களைப் பிடிப்பதில்லை. ட்ரான்ஸ்பர் கேஸின் பின்னுள்ள தண்டையே பிடிக்கிறது. அச்சு முறிந்தால் அதனால் பயனில்லை. சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு மரக்கட்டைகள் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும்.

ட்ரான்ஸ்பர் கேஸுக்கு மூன்று பங்கு ஏன் என்று கேட்கலாம். சி.ஜே. 3பி வகை ஜீப்பில் சாதாரண முதல் கியரில் எஞ்சின் ஏறக்குறைய 15 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். தாழ்ந்த கியர் வரிசையில் ஏறக்குறைய 37 சுற்றுக்கு ஒரு சுற்று. இவ்வரிசை ஏறுவதற்கே ஏற்பட்டது என்பது பலருடைய எண்ணம். இறங்குவதற்கு அது இன்னும் அதிகமாக உதவும். தாழ்ந்த வரிசையில் இறங்கும் வண்டியை எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. ஏற்றத்தில் எந்தக் கியரோ இறக்கத்திலும் அந்தக் கியரே என்பது மலையோட்டிகள் கைக்கொள்ள வேண்டிய விதி. கியர் தானே நழுவி நடுநிலைக்கு வந்துவிடும் வண்டியை, எஞ்சின் எவ்வளவு நன்றாயிருப்பினும், மலைக்கு அனுப்பலாகாது. தார்ச்சாலையில் நான்கு சக்கர ஓட்டத்தைப் பூட்டி வைப்பதும் தவறு; முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று முறுக்கிப் பற்களைத் தேய்க்கும். நான்கு டயர்களும் ஒரே அளவினவாக இருக்க வேண்டுவதும் இதன் பொருட்டே.

எஞ்சின் விஷயத்தில் பொறுமை வேண்டும். சிறிது எண்ணெய் குடிக்கும் எஞ்சின் இன்னும் ஒரு வருஷம் உழைக்கும். அதற்குள் வண்டியே அதற்குரிய பணத்தைச் சம்பாதித்துவிடும். ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு நீக்குவது, விசிறி வாரும் ரப்பர்க் குழாயும் மாற்றுவது, எண்ணெயும் வடிகட்டியும் மாற்றுவது ஆகியவற்றுடன் முதல் வருஷம் திருப்தியடையலாம்.

காயலான் கடையில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். இருக்கை, கதவு, கூண்டுச் சட்டம், பம்பர், வில்பட்டைத் தகடு, கியர்ப் பெட்டியின் மேல்கூடு முதலியவை பழையனவாக இருக்கலாம். பிரேக் உறுப்புகள், ஸ்டியரிங் மூட்டுகள், சக்கரப் பேரிங்குகள், டயர்கள் ஆகியவை ஒருகாலும் பழையனவாக இருக்கக் கூடாது.

வேலையை ஒரே மூச்சில் தொடங்குவதும் ஆகாது. வண்டி முழுவதையும் பிரித்துப் போட்டபின் பணம் தீர்ந்து, சாமான்கள் ஒன்றிரண்டாய் மறைந்து, இறுதியில் கோழி அடைய இடமான ஜீப்புகள் பட்டறைகளின் பின்புறத்தில் பல உண்டு. ஒரு பகுதியைப் பிரித்து, முடித்து, பூட்டி, ஓட்டிப் பார்த்த பின்பே அடுத்த பகுதியில் கை வைக்க வேண்டும். பறிப்பு ஓய்ந்திருக்கும் மாசி முதல் சித்திரை வரையிலான காலம் இதற்கு உகந்தது.

சில ஆட்சேபங்கள்

பழைய வண்டிக்குச் செய்யும் செலவு ஓட்டைக் குடத்தில் வார்த்த நீர் என்றும், கடன் பெற்றேனும் புதிய வண்டி வாங்குவதே புத்திசாலித்தனம் என்றும் சிலர் கூறுவர். சேஸ் கெட்ட வண்டிக்கு அவர்கள் கூற்று முற்றும் பொருந்தும். ஆனால் சேஸ் திடமாயுள்ள பழைய ஜீப்புக்கு ஓர் அனுகூலம் உண்டு. அதன் உறுப்பு ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிவது, உள்ளூர் மேஸ்திரியும் லேத் பட்டறையும் கைவைத்துச் சீர்செய்யக் கூடியது. மின்கருவிகளால் நடத்தப்படும் புதிய வண்டி மலைமேல் நின்றுவிட்டால், அதைச் சோதிக்கும் கருவி உள்ள ஊரைத் தேடிச் செல்ல வேண்டும். கடனுக்கான தவணையோ ஏலத்தின் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே தொகையாக வந்து நிற்கும்.

வேறு சிலர், சிறு தோட்டக்காரருக்கு ஜீப்பே வேண்டாம் என்பர். இந்த ஆட்சேபம் பெரிதும் மதிக்கத் தக்கது. வருஷத்தில் எத்தனை நாள் வண்டிக்கு வேலை உண்டு என்று எழுதிப் பார்த்து, அந்நாட்களின் வாடகையைவிடப் பராமரிப்புச் செலவு மிகுமானால், வாடகை ஜீப்பும் குதிரையுமே லாபம். அன்றி, அடுத்தடுத்த தோட்டங்களையுடைய மூன்று நான்கு பேர் கூடி ஒரு வண்டியை வைத்துக்கொள்ளலாம். யார் பெயரில் பதிவு, யார் எந்த நாளில் எடுப்பது, பழுதுக்கு யார் பொறுப்பு என்பவற்றை முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் பின்னர் மனஸ்தாபத்துக்கு இடமிராது. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் கூலி வாங்கி ஆட்களையோ சரக்கையோ ஏற்றுவது சட்ட விரோதம்.

கிராம அதிகாரிகளின் பங்கு

வண்டி பாதி, பாதை மறுபாதி. மழைநீர் பாதையின் நடுவே ஓடினால் எந்த ஜீப்பும் நிலைக்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஓரக்கால்வாய்களைத் தூர் எடுப்பதும், அடைபட்ட சிறுபாலங்களைத் திறப்பதும், வளைவுகளின் வெளிவிளிம்பில் கல் அடுக்குவதும் ஊராட்சியின் வேலையாக இருக்க வேண்டும். வனத்துறையின் எல்லைக்குட்பட்ட பாதையில் முன்கூட்டி அனுமதி பெற வேண்டும். பறிப்புக் காலம் தொடங்குமுன் ஒருநாள் குறித்து, ஊரிலுள்ள மலை ஜீப்புகளையெல்லாம் ஓரிடத்தில் நிறுத்தி, அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவரைக் கொண்டு பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சோதிக்கச் செய்வது அதிகச் செலவில்லாத காரியம். தகுதிச் சான்று வருஷக்கணக்கில் வருவது. மலையோ அன்றாடம் சோதிப்பது.

2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் சிக்கியவர்களைச் செங்குத்தான சரிவிலிருந்து ஜனங்கள் தோளில் சுமந்து இறக்க நேர்ந்ததை இப்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சரிவுக்கு எந்த வண்டியும் ஏறியிராது. ஆயினும் பாம்புக்கடி, பிரசவம், மரத்திலிருந்து விழுதல் முதலிய அன்றாட ஆபத்துக்களில், பாதையுள்ள இடம்வரை ஏறி, நம்பி இறங்கக்கூடிய ஒரு வண்டி தோட்டத்தில் இருப்பது பெரிய ஆதரவு. ஏலக்காய் மூட்டைக்காகச் சீர்செய்த பிரேக் ஒரு நாள் மனிதரையும் காக்கும்.

ஆகவே பழைய ஜீப் வாங்கும் விவசாயி பட்டறைக்காரரிடம், “இது எவ்வளவு இழுக்கும்?” என்று கேட்பதை விடுத்து, “இது எங்கே நிற்கும்?” என்று முதலில் கேட்பாராக. குரங்கணிச் சரிவில், காயும் கூலியாட்களும் ஏறிய வண்டிக்கு அக்கேள்விக்குச் சரியான விடை கிடைத்த பின்பே மற்றச் செலவுகளைப் பற்றிப் பேசுவது பொருந்தும்.